ணி என்று முடிகிற படகு

தத்தனேரிப் பாலத்தடியில்
இபுராகிம்சா காயலான் கடையில்
பிரிட்ஜ் கதவுகளுக்கும் ஒரு பஸ் கூரைக்கும் நடுவே
கவிழ்ந்து கிடந்தது.
முதுகில் நாய் படுத்திருந்தது.
விரட்டினோம்.
எங்களைத் திருடர்கள் என்று குரைத்துக்கொண்டே இறங்கியது.

படகாக் கேட்டா முப்பதாயிரம்,
எடைக்குக் கேட்டா கிலோ நூத்தம்பது என்றார்.
எடைக்கே போடுங்க பாய் என்றேன்.
எடைக்குன்னா வெட்டித்தாம்மா தருவேன்,
அதான் இந்த யாவாரத்துல மொறை.

வெட்டுகிறவன் பக்கத்திலேயே நின்றான்,
கையில் மெஷின், காதில் பீடி.
கொழுந்தன் சோனைமுத்து என்னைப் பார்க்காமல்
தராசைப் பார்த்தான்.
தொண்ணூற்றிரண்டு கிலோ.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டேன்.
வெட்டாமல் விடுவதற்கு மட்டும்
பதினாறாயிரத்து இருநூறு.

மூன்று வருசமாய்
தெர்மக்கோல் தெப்பத்தில் குப்புறப் படுத்து
வலை விரித்தவன் அவன்.
போன தை மாதம் நடுக்கண்மாயில் தெப்பம் ரெண்டாய்ப் பிளந்து
நெஞ்சுமுடியெல்லாம் வெள்ளை வெள்ளையாய்
குருணை ஒட்டிக் கரையேறினான்.
குத்தகைப் பணமும் குழுக் கடனும்
என் பேரில்.

இருபத்தஞ்சுக்கு இறங்கினார்.
ஓட்டை?
ஹோஸை இழுத்து வந்து
படகுக்குள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டார்.
நாலு செங்கல் முட்டுக் கொடுத்து நிமிர்த்திய படகு
வயிறு நிறையக் குடித்தது.
தண்ணிக்கு வெளிய போற வழிதாம்மா
உள்ள வர்ற வழியும்.

சேலையைச் சொருகிக்கொண்டு அடியில் நுழைந்தேன்.
ஒவ்வொரு ரிவிட்டாக விரல் வைத்தேன்.
ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது.
இன்னொன்று கழுத்தில்.
கடைப்பையன் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டான்.
பதினோரு வட்டம்.
வட்டத்துக்கு ஐந்நூறு குறைங்க பாய்.
அவர் சிரித்த சிரிப்பில்
நாய் மறுபடி எழுந்துவிட்டது.

குட்டியானையில் ஏற்றியும்
பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
நுனியில் என் சிவப்பு ரவிக்கைத்துணியைக் கட்டினோம்.
விளாங்குடிச் சிக்னலில் போலீஸ்காரர்
குனிந்து கேட்டார்:
ஏம்மா, ஆத்துல தண்ணி வந்துருச்சா?
இல்லை சார் என்றேன்.
அப்ப எதுக்கு?
பச்சை விழுந்துவிட்டது.

சமயநல்லூர் வெல்டிங் பட்டறையில்
பத்து வட்டத்தை அடைத்தார்கள்.
பதினோராவதைத் தொடமாட்டேன் என்றான்.
தகடு மெலிசுக்கா, சூடு பட்டா
பொத்தல் சன்னலாயிரும்.

வாடிப்பட்டிக்கு மேற்கே எங்கள் கண்மாயில்
அப்போது தண்ணீர் இல்லை.
மடையோரம் வெடித்த வண்டலில் இறக்கி வைத்தோம்.
உச்சி வெயிலில் தொட்டால் கை பொரிந்தது.
யாரோ ஒருத்தி அதன்மேல்
வடகம் காயப்போட்டு எடுத்துப் போனாள்.
கேட்டிருந்தால் வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்.

பக்கவாட்டில் சுரண்டிய பெயின்ட்,
ஒரே ஒரு எழுத்து மிச்சம்: ணி.
ராணி என்றார் தண்ணீர் திறப்பவர்.
கல்யாணி, அந்தோணி என்று ஆளுக்கொன்று.
ஒரு பையன் சாணி என்று சொல்லி அடி வாங்கினான்.
சோனைமுத்து சொன்னான்:
தோணின்னே எழுதியிருப்பான்,
ஆட்டுக்கு ஆடுன்னு பேரு வச்ச மாதிரி.

கால்வாயில் தண்ணீர் விட
ஏழு வாரம் ஆனது.
வட்டி மட்டும் தவறாமல் வந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
மடைக் கல்லில் சட்டி உருளுகிற சத்தம்.
டார்ச் அடித்தால்
கட்டிய கயிறு விறைத்து நிற்க
படகு தானாக அசைந்துகொண்டிருக்கிறது,
கல்லில் இடித்து இடித்து.
ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
அவன் வேட்டியை மடித்துக் கட்டி
முழங்கால் தண்ணீரில் இறங்கி
கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தான்.

இப்போது கெண்டைக்கு வலை விட்டிருக்கிறோம்.
அவன் முன்னால் நின்று இழுக்கிறான்.
நான் நடுப்பலகையில்,
பாதி அறுத்த எண்ணெய்க் கேனோடு.
சாக்குக்கட்டி வட்டம் என்றைக்கோ கரைந்துவிட்டது.
இடம் எனக்குத் தெரியும்.
வலது பெருவிரலை வைத்து
அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
சில்லென்று ஒரு நூல்
நகத்தடியில் ஏறுகிறது.

கரையில் வியாபாரி வந்து நின்று
எத்தனை கிலோ என்று கத்துகிறார்.
இருங்கண்ணே,
இப்ப எந்திரிக்க முடியாது.