வாசனை போடாதது

பத்தொன்பது நாளாக எமெரிக்கும் நானும் பேசவில்லை.
தம்பி வாங்கிய கடனுக்கு
என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து
"சூப் ஆறிடுச்சே" என்றான்.
அதுதான் கடைசி வாக்கியம்.

யங்ஸ்டவுனில் ஜூன்.
மருத்துவமனைச் சமையலறையில்
தட்டுகள் நகரும் பட்டைக்கு முன்னால்
பத்து மணி நேரம் நிற்கிறேன்.
உப்பில்லாத சூப், சர்க்கரையில்லாத ஜெல்லி,
இருநூற்றுப் பன்னிரண்டாம் அறைக்கு வெறும் தண்ணீர்.
வீடு வந்ததும் நீல பேசினில் வெந்நீர்,
இரண்டு கை எப்சம் உப்பு,
அதற்குள் என் கால்கள்.

சாப்பிடுகிற உப்பில்லை இது.
நாக்கில் பட்டால் கசக்கும்,
விழுங்கினால் வயிற்றைக் கலக்கும்.
இதைப் போட்டு
யாரையும் உள்ளளவும் நினைக்க வைக்க முடியாது.

கராஜ் சுவரை ஒட்டி அவனுடைய கத்தரிச் செடிகள் ஆறு.
கீழ் இலைகளில் நரம்பு மட்டும் பச்சை,
நடுவெல்லாம் மஞ்சள்,
வரைபடத்தில் நதிகளை மட்டும் விட்டுவிட்டு
நாட்டை அழித்ததுபோல.
வண்டு போட்ட ஓட்டைகள் வேறு.
ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.
சொல்ல மாட்டேன்.

பொட்டலம் வேகமாக இறங்கியது.
என் கால்கள் அவ்வளவு குடிக்கவில்லை.
உள்ளே கைவிட்டால்
சூப் கரண்டி ஒன்று தட்டுப்பட்டது.
எடுத்துப் பார்த்து
எடுத்த இடத்திலேயே புதைத்தேன்.

பிறகு ஓர் இரவு பின்கதவுச் சத்தம்.
எமெரிக், பனியனோடு,
கால் நனைத்து ஆறிய என் தண்ணீரை
பேசினோடு தூக்கிக்கொண்டு போகிறான்.
செடிக்கு ஒரு குவளை. குனிந்து, வேரருகே, மெதுவாக.
ஒரு குவளை மிஞ்சியது.
கொஞ்சம் யோசித்துவிட்டு
கடைசிச் செடிக்கே ஊற்றினான்,
அதுதான் நோஞ்சான்.

நான் எதையும் பார்க்கவில்லை.
மறுநாள் மட்டும்
குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் கழுவிவிட்டு
அதன்பின் பேசினில் வைத்தேன்.

ஜூலை முதல் வாரம் கடையில் பழைய பொட்டலம் இல்லை.
ஊதா நிறத்தில் ஒன்று இருந்தது, வாங்கினேன்.
சாயங்காலம் அதைக் கையில் பிடித்தபடி
குளியலறை வாசலில் நின்றான்.
"இதுல லாவெண்டர் வாசனை போட்டிருக்கான்."
"ஆமா."
"கத்தரிக்கு ஆகாது."
"கத்தரிக்கா வாங்கினேன்?"
தரையைப் பார்த்தான். என் பாதங்கள் அங்கேதான் இருந்தன,
வீங்கி, சிவந்து, பேசினுக்குக் காத்துக்கொண்டு.
"ரொம்ப வலிக்குதா?"
"நிக்குது."

மஞ்சளான இலைகள் மஞ்சளாகவே கிடந்து உதிர்ந்தன.
மேலே புதிதாக வந்தவை பச்சை.
உப்பாலா, வெயில் ஏறியதாலா,
செடியைக் கேட்டால் சொல்லாது.
எமெரிக் உப்பு என்பான்.

ஆகஸ்டில் முதல் காய்,
மழையில் நனைந்த கார்போல் கறுத்து மின்னிக்கொண்டு.
வட்ட வட்டமாக நறுக்கி,
சாப்பிடுகிற உப்பை எடுத்துத் தூவினான்.
துண்டுகளின் மேல் சின்னச் சின்னதாக வியர்த்தது.
"கசப்பு இறங்க அரைமணி ஆகும்" என்றான்.

அரைமணி இருக்கிறதா, சரி,
அந்தக் கடன் பத்திரத்தை எடுத்து வா,
அதுவரை படிக்கலாம் என்றேன்.