அரைச் சுற்று

ஃபோர்துனாத்தோ கலிசாயா கேம்ஷாஃப்டைச்
செய்தித்தாளில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல்
இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான்.
முந்நூற்றுப் பத்து டிகிரி, என்றான்.
நான்கு லாமாக்கள் விற்ற காசு.
பின்னாலேயே தள்ளுவண்டியில்
நாற்பத்தைந்து மில்லிமீட்டர் கார்புரேட்டர் மூன்று.

ஒரூரோவில் காற்று மெலிந்தது.
கடற்கரைக்காரனுக்கு ஒரு மூச்சு
எங்களுக்கு ஒன்றரை.
பந்தயப் பாதை இன்னும் மேலேறி
நாலாயிரம் மீட்டரைத் தாண்டி
அப்புறம்தான் கோச்சபாம்பாவுக்கு இறங்கும்.

வாய் பெரிதானால் காற்று சோம்பிப்போகும், என்றேன்.
சோம்பிய காற்று பெட்ரோலைத் தூக்கிக்கொண்டு வராது.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.
நாற்பது போதும் உன் செவர்லேவுக்கு.

கேம்ஷாஃப்டைப் பற்றியும் சொன்னேன்,
சாக்பீஸால் தரையில் வரைந்து.
இவ்வளவு டிகிரி என்றால்
முன்வாசலும் பின்வாசலும் சேர்ந்தே திறந்து கிடக்கும் வீடு.
ஓடிக்கொண்டே வருகிற விருந்தாளி தங்குவான்.
நடந்து வருகிறவன்
உட்காராமலே பின்பக்கமாகப் போய்விடுவான்.
கொண்டை ஊசி வளைவில்
உன் எஞ்சின் நடக்கத்தான் செய்யும்.

அவன் படத்தின்மேல் நின்றுகொண்டு கேட்டான்:
ஐடிலில் துடிக்குமா?
துடிக்க வேண்டும், தோமித்திலா.
கோட்டில் நிற்கும்போதே
பக்கத்து வண்டிக்காரனுக்கு வயிறு கலங்க வேண்டும்.

அன்றிரவு தகரக் கூரையைக் காற்று பிறாண்டிக்கொண்டிருந்தது.
அவனுடைய கேம்ஷாஃப்டுக்கு எண்ணெய் பூசி
அதே செய்தித்தாளில் சுற்றிக்
கட்டிலுக்கடியில் வைத்தேன்.
எஞ்சினுக்குள் போனது
இருநூற்று எழுபத்தாறு.
மேலே, என் அலமாரியிலிருந்த நாற்பதுகள்.
மெயின் ஜெட்டை மூன்று அளவு குறைத்தேன்.
ஓட்டிப் பார்த்துக் கழற்றினால்
ஆறு ஸ்பார்க் பிளக்கும் கருப்பட்டி நிறம்.

ஆனால் எஞ்சின் முணுமுணுவென்று
ஜபம் சொல்வதுபோல் நின்றது.
இதைக் கேட்டால் அந்தக் கணமே கண்டுபிடித்துவிடுவான்.

அப்போதுதான் ஐடில் திருகுகளைப் பார்த்தேன்.
ஒன்றை அரைச் சுற்று உள்ளே.
அடுத்ததை அரைச் சுற்று வெளியே.
வேகமெடுத்தால் இந்தத் திருகுகளின் பேச்சு எடுபடாது.
நிற்கும்போது மட்டும்
ஒரு காது கேட்காத மேளக்காரனைப்போல்
எஞ்சின் தாளம் தப்பியது.
தடும். தடதும். தடும்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஃபோர்துனாத்தோவின் கண்ணில் நீர்.
அதுதான், அதுதான், என்றான்.
பானெட்டுக்குள் ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை.

பந்தயத்தில் இரண்டாமிடம்.
முதலில் வந்தவனைவிடப் பதினோரு விநாடி.
வளைவுகளில் ஆறு பேரைத் தாண்டினானாம்,
அத்தனை பேரும்
தங்கள் பெரிய கேம்ஷாஃப்டுகளோடு இருமிக்கொண்டிருந்தார்களாம்.
முதலிடம் போனது டயரால், என்றான்.
இருக்கலாம்.
மலைமேல் இன்னும் ஓர் அளவு ஜெட்டைக் குறைத்திருந்தால்
என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்.

சொல்லலாமென்று இரண்டு முறை வாயெடுத்தேன்.
முதல் முறை அவன் பீர் ஊற்றிக்கொண்டிருந்தான்,
முதல் துளி தரைக்கு, இரண்டாவது செவர்லேவுக்கு.
இரண்டாவது முறை
நானே கோப்பையை நீட்டிவிட்டேன்.

நான்கு லாமாக்கள்
என் முதுகுக்குக் கீழே
செய்தித்தாளுக்குள் படுத்திருக்கின்றன.
திரும்பிப் படுத்தால் தெரிகிறது.

நேற்று வில்மர் சோக்கே வந்தான்,
இருபது வயது, அப்பனிடம் கடன் வாங்கிய ஃபால்கன்.
கலிசாயாவின் வண்டியில் இருக்கிற
அதே கேம்ஷாஃப்ட் வேண்டும் எனக்கு,
அச்சு அசல் அதே, என்றான்.

தருகிறேன், என்றேன்.
இந்த வருஷத்தில்
நான் சொன்ன முதல் உண்மை.