பத்தொன்பது நாளுக்கு ஒரு பேட்டரி

சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால்
டிக்.
மறுபடி
டிக் டிக் டிக்,
சகுனம் சொல்லும் பல்லி மாதிரி.
ஹாரனை அழுத்திப் பார்த்தேன்.
சளி பிடித்த ஆடு ஒன்று
நான்காம் தளத்தில் செருமியது.

ஈசூன், மாடி வாகன நிறுத்தம்,
அதிகாலை நாலே கால்.
சாங்கி சரக்குக் கிடங்கில்
ஐந்தரைக்குள் என் அட்டை பதிய வேண்டும்.
இரண்டாம் கியரில் வைத்து
சரிவில் தள்ளிக்கொண்டே ஓடினேன்.
4பி, 3பி, 2ஏ.
மூன்றாம் முறை கிளட்சை விட்டபோது
இருமிக்கொண்டு எழுந்தது.
கேமராவில் யாராவது பார்த்திருந்தால்
ஒரு பெண் பைக் திருடுகிறாள்,
அதுவும் தெரியாமல் திருடுகிறாள்
என்று நினைத்திருப்பார்கள்.

மாலையில் இருக்கையைத் திறந்தேன்.
பத்து எம்எம் ஸ்பேனர்.
முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு.
முனைகளில் வெள்ளையும் பச்சையுமாய்ப்
பூத்துக் கிடந்தது.
வெந்நீர், சோடா மாவு,
மகனின் பழைய பல்துலக்கி.
நிறுத்தத்தில் மின்செருகி கிடையாது,
ஃபேர்பிரைஸ் பையில் போட்டுப்
பதினோராம் மாடிக்குத் தூக்கிப் போனேன்.
மின்தூக்கியில் திருவாட்டி சுவா
“என்ன இன்பா, கேக்கா?” என்றார்.
ஈயக் கேக் என்றேன்.
“யாருக்குப் பிறந்தநாள்?”

இரவு முழுக்க அரிசிப் பானைக்குப் பக்கத்தில்
சார்ஜரின் சிவப்புக் கண்.
காலையில் மீட்டரை வைத்தால்
பன்னிரண்டு புள்ளி ஏழு.
நல்ல பிள்ளை.
கீழே கொண்டுபோய் மாட்டிப்
பொத்தானைத் தொட்டதும்
ஒன்பதுக்குக் கீழே விழுந்தது எண்.

சும்மா இருக்கும்போது
எல்லாரும் பன்னிரண்டு புள்ளி ஏழுதான்.
பாரம் ஏற்றிக் கேட்டால்தான் தெரியும்,
என் பழைய முதலாளி,
என் முன்னாள் கணவர்,
திங்கட்கிழமைகளில் நான்.

ஊபியில் கோக் வீயின் பட்டறை.
அவருடைய கருவி
ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது: மாற்றவும்.
பிறகுதான் அவர் தேதியைக் கேட்டார்.
சி.ஓ.இ. இந்த மாதம் இருபத்தெட்டோடு சரி.
விரல் விட்டுப் பார்த்துவிட்டு,
“பத்தொன்பது நாள்தானே,
உடைத்த வண்டியில் கழற்றியது ஒன்று கிடக்கிறது,
எடுத்துக்கோ, காசு வேண்டாம்.”

பத்து வருடத்தில் மூன்று பேட்டரி.
முதலாவது நாலு வருடம்.
இரண்டாவது,
எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்ன மாதங்களில்
ஓடாமலே செத்தது.
மூன்றாவது இதோ, மேசைமேல்.

புதுசே போடுங்க என்றேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்,
இன்னொரு தடவை இருட்டில் தள்ள முடியாது
என்று சொல்லியிருப்பேன்.
அதில் உண்மை
ஒரு ஒன்பது வோல்ட்டு இருக்கும்.

சிவப்பு முதலில், பிறகு கறுப்பு.
வாசலின் ஒரு விரல்.
திருப்புளியை எடுத்து
மூடியில் மாதத்தையும் வருடத்தையும்
கீறப் போனார், வழக்கம்போல.
கை நின்றது.
“இதற்கு வேண்டாமில்லையா?”
கீறுங்க.

இருபத்தெட்டாம் தேதி, சுங்கை காடுட்.
ஒரே தொடுதலில் எழுந்த வண்டியை
அங்கே கொண்டுபோய் அணைத்தேன்.
அடுக்கி வைத்த பெட்ரோல் தொட்டிகளுக்கு நடுவே
மண்டியிட்டு நான் கழற்றுவதைப்
பார்த்துக்கொண்டே நின்றான் ஒருவன்,
ஒன்றும் சொல்லவில்லை.
முதலில் கறுப்பு.

பிறகு சிவப்பு.

பேருந்தில், மடியில்,
அதே ஃபேர்பிரைஸ் பை.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
தொடையில் அழுந்தியது.

பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தும் ஃபிர்தௌஸ்
சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறவன்.
அவன் வண்டிக்கும் இதே அளவு.
அறுபது வெள்ளி சொன்னேன்.
கீறலைக் கட்டை விரலால் தடவி
“ஓட்டினதுதானே, நாற்பது” என்கிறான்.
பத்தொன்பது நாள், தம்பி,
வெறும் பத்தொன்பது நாள்.

எண்ணிக்கொண்டா இருந்தீங்க,
என்கிறான்.