நான்காம் தடம்

முன் வைத்த காலைப் பின் வைக்காதவர்களுக்கு
இந்த மைதானத்தில் உரிமம் கிடையாது.
முதல் நாள் காலை இதைத்தான் சொல்வேன்.
யாரும் சிரிப்பதில்லை.
ஃபார்கோவின் மே மாதக் காற்று
சிரிக்க வாய் திறந்தால் மண்ணை அள்ளிப் போடும்.

ஐம்பத்து மூன்று அடி ட்ரெய்லர்.
உள்ளே பழைய பலகைகள் தவிர ஒன்றுமில்லை.
பக்கவாட்டில் நான்கு வருடத்துக் கீறல்கள்,
ஒவ்வொன்றின் பெயரும் எனக்குத் தெரியும்.
பின்கதவுக்கு அருகே அந்த நீளமான நசுங்கல் மட்டும்
என்னுடையது.
அதை வெள்ளிக்கிழமை சொல்கிறேன்.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால்
வால் வலப்பக்கம் போகும்.
நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பயனில்லை.
கைக்குத் தெரிய வேண்டும்.
வளையத்தின் அடியைப் பிடியுங்கள்,
கை போகும் பக்கம் ட்ரெய்லர் போகும்.

அப்திரிசாக் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணியவர்.
அடியைப் பிடித்தார். பாதி தூரம் அழகாக வந்தார்.
பாதியில் தன்னையே மெச்சிக்கொண்டார்.
அங்கே,
பாக்குவெட்டி மூடுவதுபோல
வண்டியும் ட்ரெய்லரும் ஒன்றை ஒன்று பார்த்தன.

கர்ட்டுக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு முப்பத்தொன்று.
பண்ணையில் நாலு சக்கர இழுவண்டியை
முப்பது அறுவடைக்கு மேல் பின்னால் தள்ளியவர்.
"இது எனக்குத் தெரியும்மா" என்றார்.
அந்த வண்டிக்கு முன் அச்சு தனியாகத் திரும்பும்,
இதற்குத் திரும்பாது.
தெரியாத கைக்கு மூன்று நாள் போதும்.
தெரிந்த கைக்கு ஐந்து.
ஏழு கூம்புகளும் சாய்ந்து கிடந்தன,
கல்யாண மண்டபத்தில் நள்ளிரவு விருந்தாளிகள்போல.

மரிசெலா பேசமாட்டாள்.
கண்ணாடி பாதி உண்மைதான் சொல்லும்,
மீதிக்கு இறங்கிப் பார் என்று
எத்தனை முறை சொல்லியிருப்பேன்!
தலையாட்டுவாள். இறங்கமாட்டாள்.
ஆஸ்பத்திரி வார்டுகளைத் துடைத்து வந்தவள்,
ஒரு வேலையைப் பாதியில் விடுவது
அவளுக்கு அவமானம்.

புதன்கிழமை, நான்காம் தடம்.
சரியாக வந்துகொண்டிருந்தாள்,
கூம்புக்கும் டயருக்கும் ஒரே சாண், இரு பக்கமும்.
நான் பாராட்ட வாயெடுத்தேன்.
புஸ்ஸென்று காற்று ப்ரேக்.
கதவு திறந்தது. இறங்கினாள்.

"என்ன?"
"கண்ணாடியில் ஏதோ இருந்தது. அப்புறம் இல்லை."

பின்னால் போனோம்.
சரளைக்கற்கள்மேல் ஒரு சின்னப் பறவை,
மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை,
ஒடிந்த சிறகை இழுத்து இழுத்து அலறியது.
அப்திரிசாக் அதன் பின்னால் ஓடப் பார்த்தார்.
கர்ட் அவர் சட்டையைப் பிடித்தார்:
"நடிக்குது. உப்புக்கொத்தி.
அது கூப்பிடும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்."
சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார்.
"அட," என்றார், "ஸ்டியரிங் மாதிரியே."

நான்கு முட்டைகள். கல்லோடு கல்லாக.
பின் டயர் ஒரு முழம் தள்ளி நின்றது.
அப்திரிசாக் குனிந்து
மாத்திரை எண்ணும் விரலால்
காற்றில் இரண்டு முறை எண்ணினார்.

அலுவலகத்திலிருந்து போன்:
நான்காம் தடம் எத்தனை நாள் மூடியிருக்கும்?
இருபது, இருபத்தைந்து என்றேன்.
பணம் கட்டிய தடம் அது என்றார்கள்.
பறவையிடம் சொல்கிறேன் என்றேன்.

ஐந்தாம் தடத்துக்குள் நுழைய
இப்போது இடம் பாதிதான்.
சலித்துக்கொண்டே நுழைகிறார்கள்.
இரண்டு முறை இறங்கிப் பார்க்கிறார்கள், மூன்று முறை.
ஒவ்வொரு தடவையும்
ரிவர்ஸ் அலாரத்தோடு போட்டி போட்டு
அது கத்துகிறது.

வெள்ளிக்கிழமை நசுங்கலைக் காட்டினேன்.
பிஸ்மார்க்கில் ஒரு சரக்கு மேடை. இரவு. மழை.
இறங்கி நனையச் சோம்பல்.
அவ்வளவுதான் கதை.
கம்பெனி இந்த ட்ரெய்லரைப் பள்ளிக்குக் கொடுத்தபோது
என்னையும் சேர்த்துக் கொடுத்தது.

அன்று மரிசெலா பேசினாள்:
"மோதியது எதில்?"
விளக்குக் கம்பம்.
"அது?"
வளைந்தே நிற்கிறது, எரிந்துகொண்டு.
அங்கே சரக்கு இறக்கப் போகும்போது
நீயே பார்ப்பாய்,
இடப்பக்கம்.