கூலிங்

ஐஸ் கட்டியை நாங்கள் பார் என்போம்.
தனகோட்டி நடத்துவதும் பார்தான்.
காசிமேட்டில் வார்ப்புக்கு இரண்டு சந்து தள்ளி
ஒயின் ஷாப்பின் முதுகில் ஒட்டிய தகரக் கொட்டகை.
பதினோரு மேசை, ஒன்றுக்குக் கால் ஆடும்.

சித்திரை பிறந்த இரவோடு தடைக்காலம்.
விசைப்படகுகள் தோள் உரசி நின்றன.
பேக்டரியில் என் அரவை மெஷின்
வாயைத் திறந்தபடி சும்மா கிடந்தது.

அப்போதுதான் கூப்பிட்டான்.
"வருசத்துல இதான் சீசன் எத்திராசு.
ஊரே பீர் கேக்குது.
இங்க மட்டும் ஒருத்தனும்
ரெண்டாவது பாட்டில் கேக்க மாட்றான்.
இன்னான்னு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன்.
லோ வோல்டேஜில் இருமிக்கொண்டிருந்தது ஃபிரிட்ஜ்,
பாதி இடம் அவித்த முட்டைக்கு.
பாட்டிலைத் தொட்டால்
காய்ச்சல்காரன் கழுத்தைத் தொட்ட மாதிரி.

அவனிடம் பெரிய யோசனைகள் இருந்தன.
ஏசி, கலர் லைட்டு, சுவர் முழுக்கப் பனிமலைப் படம்.
தண்டலுக்குக்கூட ஆள் பேசிவிட்டான்.
நான் சொன்னேன்:
"நாலு மீன் பெட்டி குடு, போதும்."

படகில் வேலையில்லாத நீலப் பெட்டிகள்.
அடியில் ஒரு கூடை அரைத்த ஐஸ்,
பாட்டில்,
மேலே மறுபடி ஐஸ், ஒரு கைப்பிடி கல்லுப்பு.
வஞ்சிரம் அடுக்குவது போலத்தான்,
தலையும் வாலும் மாற்றி மாற்றி.
இருபது வருஷத்துக் கைக்கு
வேறு விதமாக அடுக்க வராது.

முதல் நாள் வந்தவன் மோந்து பார்த்தான்.
"இன்னாபா, பீர்ல சங்கரா வாசனை?"
பக்கத்து மேசையில் ஒருவன்,
விரலெல்லாம் படகுப் பெயிண்டோடு:
"அதான் நான் சைடு டிஷ்ஷே வாங்கல."

பிறகு யாரும் மோந்து பார்க்கவில்லை.
கத்திரி வெயில் தகரத்தில் இறங்க இறங்க
வலை பின்னுகிறவர்கள், இன்ஜின் மெக்கானிக்குகள்,
துறைமுக கேட்டில் ராத்திரி முழுக்க நிற்கப்போகிற
கண்டெய்னர் லாரி கிளீனர்கள்.
கால் ஆடும் மேசைக்கும் ஆள் காத்திருந்தது.
தனகோட்டி எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தான்.

நிவாரணப் பணம் வந்த வாரம்
பிரகாசி வந்தாள். சவரியின் வீட்டுக்காரி.
உள்ளே வரவில்லை.
ஐஸ் உருகி ஓடுகிற கால்வாயில் நின்றபடி கேட்டாள்:
"ஐஸ் போடறது நீதானா?"

ஆமாம் என்றேன்.
கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

"சூடா இருந்தப்போ
ஒண்ணோட எழுந்து வந்துடுவாரு."

அவ்வளவுதான். திட்டவில்லை.
ஈரமான காலடி
சிமெண்ட்டில் நாலு எட்டு தெரிந்தது,
ஐந்தாவதற்குள் காய்ந்துவிட்டது.

மறுநாளிலிருந்து
தகரத்தின் மேல், நடுவெயிலில்,
இரண்டு பாட்டில் தனியாக வைத்தேன்.
சவரி வந்து உட்கார்ந்தால் அதுதான் போகும்.
"கூலிங் இல்லியா?"
"தீந்துபோச்சுண்ணே."
"அவனுக்கு மட்டும் இருக்குது?"
"அது கடைசி."
முகத்தைச் சுளித்துக் குடிப்பார்.
ஒன்றோடு எழுந்து போவார்.

தனகோட்டிக்குத் தெரியாமல் இருக்குமா.
நோட்டில் சவரி பெயருக்கு நேரே
பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.
பிறகு பக்கத்தைத் திருப்பினான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
இன்றுவரை அவனும் சொல்லவில்லை.

ஆனி பிறக்கிற முந்தின ராத்திரி
மெஷின் மறுபடி கத்தத் தொடங்கியது.
சட்டைப் பையில் போன் அதிர்கிறது,
தனகோட்டிதான், பெட்டி காலியாம்.
எடுக்க நேரமில்லை.
படகு படகாக ஐஸ் சரிகிறது.

ஐஸ் அறை வாயிலில் நின்ற சவரி
ஒரு சில்லை எடுத்துப் பிடரியில் அழுத்திக்கொண்டார்.
கண்ணை மூடினார், திறந்தார்,
நேராக என்னைப் பார்த்தார்.
"இத்தனை நாளா எங்கடா வெச்சிருந்த இத?"