எடைமேடை

லோஷினி வந்து பதினொரு நாள்.
பையின் ஜிப் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது.

பாரத்தில் மூன்று கட்டங்களாம்:
தொடர, மாற, ஒத்திவைக்க.
மலாயில் இருந்ததை எனக்காகத் தமிழில் சொன்னாள்,
மருந்துச்சீட்டு படிக்கிற குரலில்.

எனக்குத் தெரிந்த மாற்றம்
மூணாம் டிவிஷனிலிருந்து ஆறாவதுக்குக்
கிராணி காகிதத்தில் அனுப்பியது.
கேட்டுவிட்டு அனுப்பவில்லை.

கடனைப் பற்றி நான் பேசவில்லை.
பேசாதது அவளுக்குக் கேட்டுவிட்டது போல;
"எவ்வளவு பாக்கினு தெரியும்பா" என்றாள்.

இன்று விடியலில்
கூப்பிடாமலே லோரியில் ஏறிக்கொண்டாள்.
பீடோர் தாண்டும்வரை மழை.
மில்லில் முதலில் பாரத்தோடு எடை,
குலைகளைக் கொட்டியபின்
வெறும் லோரிக்கு இன்னொன்று.
"எதுக்கு ரெண்டு தடவை?"
"கழிச்சாத்தானே பழம் எவ்வளவுனு தெரியும்."

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல இருந்ததும் இல்லை.
எடைச்சீட்டைத் திருப்பி
வெற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டவுனுக்குள் நுழைகையில்
"பேனா இருக்காப்பா?"

டாஷ்போர்டுக்குள் ஒன்று கிடைத்தது,
எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிக் கிறுக்கிச்
சூடேற்றிக்கொண்டிருக்கிறேன்,
சிக்னல் பச்சையாகியும்.