பதினொரு வினாடி

எட்மன்டன் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
என் அறைக்கு ஜன்னல் கிடையாது.
நான்காம் மாடியில் திறந்ததெல்லாம்
இங்கே கோப்பாக இறங்கி வரும்.
முகத்தை மறைப்பேன், பச்சைகுத்தலை மங்கலாக்குவேன்,
மணிக்கட்டுப் பட்டையில் பெயரை அழிப்பேன்,
பயிற்சி டாக்டர்கள் பார்த்துப் பழக.

முதல் வாரம் முழங்கால்.
ரம்பம் வந்ததும் ஒலியை அணைத்தேன்.
ஒலியில்லாத ரம்பம் அதைவிட மோசம்.
அன்றிரவு தக்காளி நறுக்கப் பாதியில்
கத்தியை மனைவியிடம் கொடுத்தேன்.
இன்று என்ன படம், என்றாள்.
அறுவை, என்றேன்.
சலிப்பூட்டும் படத்துக்கும் எங்களூரில் அதே சொல்.
மேலே கேட்கவில்லை.

மூன்றாம் மாதம்
அந்தச் சொல் இரண்டு அர்த்தத்திலும் உண்மையானது.

ஒக்சானா வருவது நள்ளிரவுக்குப் பின்,
கையில் கோப்பை நூடுல்ஸ்.
மூளை அறுவையில் ஆறாம் வருடம்.
மண்டையோடு திறக்கும்போதும் முள்கரண்டி நிற்காது.
அவள் சம்பளத்தையும் என் கூலியையும்
ஒருநாள் மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தோம்.
எனக்கு ஒரு டாலர் நாற்பது சென்ட் கூடுதல்.
சிரித்தாள். கடன் எவ்வளவு என்று கேட்டேன்,
அதற்கும் சிரித்தாள்.
அவள் தலைவர் ஹால்வர்சன்
ஒரு காலைப்பொழுதில் சம்பாதிப்பதைச் சொல்லமாட்டேன்;
சொன்னால் நீங்கள் கவிதையை விட்டுவிட்டு
அதைத்தான் பேசுவீர்கள்.

பிப்ரவரியில் வந்த கோப்பு வேறு மாதிரி.
நோயாளி விழித்திருக்கிறார்.
திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மூளை,
இந்தப் பக்கம் ஒக்சானா
படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள்.
ஏணி, என்கிறார். கெட்டில். வாத்து.
பல் கட்டாத கிழக்குரல், கொஞ்சம் பெருமைகூட.
ஹால்வர்சன் எங்கோ மின்முனையை வைக்கிறார்.
அடுத்த படம் குடை.

வாய் திறந்திருக்கிறது.
குடை வரவில்லை.
பதினொரு வினாடி.

இவ்வளவு நாள் ரத்தத்துக்குக் கலங்காத எனக்கு
நாக்கு வறண்டது.
பக்கத்தில் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.
மறுபடி போடு, என்றாள் ஒக்சானா.
போட்டேன்.
"அந்த இடத்தை வெட்டவில்லை, விட்டுவிட்டோம்,"
என்றாள், நான் கேட்காமலே.
மறுபடி.
நாலாவது முறை அவள் திரையைப் பார்க்கவில்லை,
படத்தைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

குரல் அடையாளம். விதிப்படி நீக்கவேண்டும்.
நீக்கினேன்; மௌனத்தையும் சேர்த்து.
எனக்கு முடிந்த நிமிடத்துக்கே கூலி,
வெட்டி எறிந்ததற்கு இல்லை.

விடிகாலை, பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
பேருந்துக்கு நின்றபடி சொல்லிப் பார்த்தேன்:
கம்பம். கையுறை. குப்பைத்தொட்டி.
பனிக்கு யாரும் குடை பிடிக்காத ஊர்,
பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.
இருந்தாலும் சொன்னேன்.
வாயிலிருந்து புகையாக வந்தது.